லாயத்தையும் வண்டிக் கொட்டகையையும் தங்கும் அறைகளாக மாற்றுவது: உப்புச் சுவர், பரண், கழிப்பறை, வளைவு வாசல்

பின்கட்டு என்ற புனைபெயரில் ஒருவர் கேட்டது:

செட்டிநாட்டில் பள்ளத்தூர் பக்கத்து வீடு ஒன்றின் பின்வாசலை ஒட்டிய தனிக் கட்டடம் பற்றிய கேள்வி. முகப்பு, வளவு (நடுமுற்றப் பகுதி), இரண்டாம் கட்டு எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன, அவற்றை விடுங்கள். கடைசியில் தெருவைப் பார்த்து நிற்கும் லாயமும் வண்டிக் கொட்டகையும்தான் விஷயம். கட்டியது 1920களில்.

அளவுகள்: நீளம் 62 அடி, வெளி அகலம் 18 அடி, சுவர் 2 அடி கனம். அடியில் மூன்று அடிக்குச் செம்புறாங்கல், அதற்கு மேல் செங்கல், எல்லாம் சுண்ணாம்புச் சாந்தில். நடுவில் வண்டி நுழையும் வளைவு வாசல், 9 அடி அகலம், உச்சியில் 11 அடி. அது மேற்குப் பார்த்தது. இடப்பக்கம் நான்கு குதிரைக் கட்டுத்தறி, ஒவ்வொன்றும் 6 அடிக்கு 10 அடி, பின்சுவரில் தீனி போடும் காடியும் இரும்பு வளையமும் அப்படியே இருக்கின்றன. தறிகளுக்கு முன்னால் 4 அடி நடை. தறிகளுக்கு மேலே வைக்கோல் பரண். வலப்பக்கம் தடுப்பே இல்லாத வண்டிக் கொட்டகை. பிற்பாடு கார் நின்ற இடம். கூரை பர்மாத் தேக்குக் கைமரம் (ஓட்டைத் தாங்கும் சாய்வுச் சட்டம்), மேலே மங்களூர் ஓடு. தறிகளில் கருங்கல் பலகைத் தரை, நடைப்பக்கம் ஓடும் சாக்கடைக்குச் சரிவாக.

வீட்டுக்காரர்கள் இங்கிலாந்தின் பண்ணை மாளிகைகளில் ஜார்ஜியன் காலத்து (18ஆம் நூற்றாண்டு, 19இன் தொடக்கம்) லாயங்களைத் தங்கும் விடுதியாக மாற்றிய படங்களைப் பார்த்துவிட்டு அதே மாதிரி கேட்கிறார்கள்: வளைவு முழுக்கக் கண்ணாடி, பரணில் படுக்கை, கீழே குளியலறை, பழைய தறித் தடுப்புகள் அப்படியே. மொத்தம் மூன்று அறை.

சிக்கல் என்னவென்றால், தறிப்பக்கச் சுவரில் நாலு அடி உயரத்துக்குப் பத்து வருடம் முன்னால் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அது இப்போது உப்பிக்கொண்டு நிற்கிறது, தட்டினால் பொத்தென்று சத்தம். அதற்கு மேலே ஐந்தரை அடி வரை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் தெளித்த மாதிரி நனைந்து தெரிகிறது, கூரையில் ஒழுக்கு இல்லை. கொத்தனார் சிமெண்டைக் கொத்திவிட்டு வாட்டர்ப்ரூஃப் கலந்து திரும்பப் பூசலாம் என்கிறார். வீட்டில் செட்டிநாட்டு முட்டைப் பூச்சு வேண்டும் என்கிறார்கள். எதைச் செய்வது? பரணின் சட்டங்கள் 3 அங்குலத்துக்கு 4 அங்குலம், ஒன்றரை அடி இடைவெளி. இது ஆள் படுக்கத் தாங்குமா?

---

சாந்துக்கரண்டி பதில்:

இரண்டுமே வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் அந்த ஈரம் என்னவென்று பார்த்துவிடுவோம். கூரை ஒழுக்கு இல்லை, ஆனால் மழைக்காலத்தில் மட்டும் நனைகிறது என்றால் அது மழைத் தண்ணீர் அல்ல, காற்றில் இருக்கும் ஈரம். குதிரை நின்ற இடம் அது. மூத்திரத்தில் உள்ள யூரியா மண்ணிலும் சுவரிலும் நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறும். சுண்ணாம்போடு சேர்ந்தால் கால்சியம் நைட்ரேட். இந்த உப்பு காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 50 சதவீதத்தைத் தாண்டினாலே நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். சோற்றுப்பு கரைய 75 சதவீதம் வேண்டும். நம் பக்கம் ஐப்பசியில் 50க்குக் கீழே எப்போது போகிறது? அதனால் சுவர் நனைந்தே தெரியும். மாசி பங்குனியில் காயும்போது அதே உப்பு படிகமாகி, செங்கல்லின் தோலை உரித்துக்கொண்டு வெளியே வரும். வருடா வருடம் இப்படி நனைந்து காய்ந்துதான் சுவர் பொடியாகிறது. வீட்டின் முன்கட்டில் இந்தத் தொல்லை இல்லாமல் லாயத்தில் மட்டும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சிமெண்ட் பூச்சு என்ன செய்தது? நாலு அடி வரை ஆவியாகும் வழியை அடைத்தது. தரையிலிருந்து ஏறும் ஈரம் வழி தேடி இன்னும் ஒன்றரை அடி மேலே போய் அங்கே பூத்தது. நீங்கள் சொன்ன ஐந்தரை அடிக் கணக்கு சரியாக அதைத்தான் காட்டுகிறது. வாட்டர்ப்ரூஃப் கலந்து திரும்பப் பூசினால் அடுத்த முறை ஏழு அடியில் பூக்கும்.

முட்டைப் பூச்சு ஏன் வேண்டாம் என்றால், அது மெருகேற்றி இழைத்த பூச்சு. மேல்தோல் நெருக்கமாக இருக்கும். உப்பு உள்ள சுவரில் இட்டால், அந்தப் பளபளப்புத் தோலுக்குப் பின்னால் உப்பு சேர்ந்து கொப்புளம் கொப்புளமாகத் தள்ளிவிடும். அவ்வளவு கூலியும் வீண்.

செய்ய வேண்டிய வரிசை:

சிமெண்டை எடுங்கள். கைச்சுத்தியலும் சிற்றுளியும் போதும், பிரேக்கர் மிஷினை உள்ளேயே விடாதீர்கள். அதிர்ச்சியில் செங்கல் முகம் சிமெண்டோடு சேர்ந்து வந்துவிடும். எடுத்த பின் சந்துகளில் பொடிந்த சாந்தை முக்கால் அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டுங்கள். பிறகு காய்ந்த துடைப்பத்தால், முடிந்தால் வேக்குவம் கிளீனரால், உப்பைக் கூட்டி எடுத்து வீட்டு எல்லைக்கு வெளியே போடுங்கள். கொட்டகைக்கு வெளியே குவித்து வைத்தால் முதல் மழையில் மறுபடி அடிமண்ணுக்குள் போகும். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. இங்கேதான் பாதிப்பேர் கோட்டை விடுகிறார்கள். கழுவினால் வெளியே வந்த உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். ஆசிட் பக்கமே போகாதீர்கள்.

அடுத்து அளவிடுங்கள். தரையிலிருந்து 1 அடி, 3 அடி, 6 அடி உயரங்களில் துளையிட்டு, மேல் 1 செ.மீ. தூள், அதற்குப் பின் 1 முதல் 3, 3 முதல் 5 செ.மீ. என்று தனித்தனியாக எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் கலக்கி நைட்ரேட் சோதனைப் பட்டையை நனையுங்கள். மீன் தொட்டிக்கு விற்கும் பட்டையே போதும். எண்ணை விட ஒப்பீடு முக்கியம்: மேல்தோலில் அதிகம், உள்ளே குறைவு என்றால் நல்லது, இழுத்து எடுத்துவிடலாம். ஆழத்திலும் அதே அளவு என்றால் பல வருட வேலை.

பிறகு காகிதக் கூழ் பற்று. பழைய செய்தித்தாள் வேண்டாம், மையில்லாத காகிதக் கூழ். காய்ச்சி வடித்த நீரிலோ ஆர்.ஓ. நீரிலோ குழைத்து அரை முதல் முக்கால் அங்குலம் கனத்துக்குச் சுவரில் அப்புங்கள். ஊரணி, கிணற்றுத் தண்ணீரில் குழைத்தால் அதில் உள்ள உப்பும் சேரும். முழுக்கக் காய்ந்து ஓரம் சுருண்டு வரும்வரை விடுங்கள், வெயில் காலத்தில் ஒரு வாரம் பத்து நாள். உரித்துத் தூரப் போடுங்கள். மூன்று முறை. மூன்றாவது பற்றிலும் பட்டை அடர்ந்து நிறம் மாறினால் நாலாவது. இதை மாசியில் ஆரம்பித்து வைகாசிக்குள் முடிக்க வேண்டும். மழைக்காலத்தில் பற்று காயாது, காயாவிட்டால் உப்பு அதில் ஏறாது.

அதற்குப் பின்தான் பூச்சு, அதுவும் பலிப்பூச்சு. நீற்றிய சுண்ணாம்பு விழுது 1, பெருமணல் 3, அதில் கால் பங்கு மணலுக்குப் பதில் செங்கல் பொடி. இழைக்காமல் சொரசொரப்பாக விடுங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும், எமல்ஷன் கூடாது. இது உப்பை வாங்கிக்கொண்டு தான் சாக வேண்டிய பூச்சு. இரண்டு மழை கழித்துக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவீர்கள். 100 சதுர அடிக்கு முக்கால் அங்குலக் கனத்தில் மணலும் செங்கல் பொடியும் சேர்த்து 6 கன அடி, விழுது 2 கன அடிக்குக் கொஞ்சம் கூட வேண்டும்.

முட்டைப் பூச்சு ஆசை இருந்தால் ஆறு அடிக்கு மேலே வைத்துக்கொள்ளுங்கள். அந்த மட்டத்தில் ஒரு பட்டைக் கோடு இழுத்து, சொரசொரப்பும் மெருகும் பிரிந்து தெரியும்படி விட்டால் பார்வைக்கும் குறையில்லை.

---

மூன்றாங்கட்டு பதில்:

கரண்டி அண்ணன் சொன்னதில் ஒன்று சேர்க்கணும். சுவரைப் பார்க்குறதுக்கு முந்தி வெளித் தரையைப் பாருங்க. பின்தெருவுல வருஷா வருஷம் ரோடு போட்டுப் போட்டு ஏத்தியிருப்பாங்க. வெளி மட்டம் உள் தரையை விட உசந்திருந்தா என்ன பற்று போட்டாலும் ஈரம் ஏறிக்கிட்டேதான் இருக்கும். வெளி மண்ணை உள் தரைக்கு அரை அடி கீழே இறக்குங்க. தெருப் பக்கம் இறக்க முடியாதுன்னா, சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளி ஒரு அடி அகலம், ரெண்டடி ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி 20 – 40 மில்லி ஜல்லி நிரப்பி, சரிவோட ஊரணி வரத்துக் காலுக்கு விட்டுருங்க. அஸ்திவாரத்தை ஒட்டி வெட்டாதீங்க, பழைய கட்டடத்துக்கு அஸ்திவாரமே மூணடிக்குள்ளதான் இருக்கும்.

கூரை ஓரத்துல தாரை (மழைத் தண்ணியை வாங்கி விடுற கால்வாய்) இருக்கா? 1000 சதுர அடிக் கூரையில ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 930 லிட்டர் விழும். உங்களது நீளம் 62, இறவாரத்தோட அகலம் 20 போட்டா 1240 சதுர அடி. 5 செ.மீ. பெஞ்சா 5700 லிட்டருக்கு மேலே சுவர் அடியில விழுது. தகரத் தாரை மாட்டாம சுவருக்கு வைத்தியம் பாக்குறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற கதை.

தரை விஷயத்துக்கு வர்றேன். அந்தக் கருங்கல் பலகை எதுக்குச் சரிவு தெரியுமில்ல, மூத்திரம் ஓடத்தான். பொதுவா 40க்கு 1. பத்தடிக்கு மூணு அங்குலம் இறங்கும். ஆறரை அடிக் கட்டிலைப் போட்டா தலைக்கும் காலுக்கும் ரெண்டு அங்குல வித்தியாசம். அதைச் சரிக்கட்ட அப்படியே மேலே கான்கிரீட் போட்டு மட்டம் பண்ணிருவாங்க. பண்ணாதீங்க. பலகைக்குக் கீழே இருக்குற மண்ணுதான் நூறு வருஷ உப்புக் கிடங்கு. மேலே மூடினா அது சுவர் வழியாத்தான் வெளிய வரும்.

பலகையைச் சுண்ணாம்புக் கட்டியால நம்பர் போட்டுப் படம் எடுத்து வச்சுக்கிட்டுத் தூக்குங்க. ஒரு அடி மண்ணை வெட்டி வெளியேத்துங்க. அரை அடி 40 மில்லி ஜல்லி, மண் தூள் இல்லாம கழுவினது. இது அடியில இருந்து ஈரம் ஏறுறதை அறுக்கும். மேலே நாலு அங்குலம் சுண்ணாம்பு, செங்கல் ஜல்லிக் கலவை, திமிசு போட்டு இடிச்சது. அதுக்கு மேலே பலகையை மட்டமா பதிங்க, இல்ல ஆத்தங்குடிக் கல் பதிங்க. பாலித்தீன் விரிக்கச் சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க. நடுத்தரை காஞ்சிரும், சுவர் ஓரம் நாறும்.

சாக்கடைக் கால்வாயை மூடாதீங்க. மேலே இரும்புச் சட்டம் போட்டு விட்டா குழாய், கேபிள் எல்லாம் அதுக்குள்ள ஓடிரும். சுவரை வெட்ட வேண்டியதில்ல.

ஆத்தங்குடிக் கல் 10க்கு 10 அங்குலம்னா 100 சதுர அடிக்கு 144 கல், சேதாரத்துக்குப் பத்து சேர்த்துக்கங்க. பதிச்ச பிறகு வெள்ளைச் சிமெண்டுக் கறை போக ஆசிட் ஊத்துற ஆளுங்க இருக்காங்க. மேல் வண்ணப் பூச்சே சிமெண்டுதான், ஆசிட்டுல அதுவும் போயிரும். ஈரத் துணியால அப்பப்ப துடைச்சாலே போதும், கடைசியில தேங்காயெண்ணெய். குளியலறைத் தரைக்கு மட்டும் அந்தக் கல்லு ஆகாது, சோப்புத் தண்ணியில வழுக்கும். அங்கே கொத்தின கருங்கல்.

---

உத்திரக்கணக்கு பதில்:

பரண் பற்றி மட்டும் எழுதுகிறேன், மற்றதை மேலே இருவரும் சொல்லிவிட்டார்கள்.

சட்டம் 3 × 4 அங்குலம், 4 அங்குலம் செங்குத்தாக இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். இடைவெளி 18 அங்குலம், பின்சுவரிலிருந்து நடை ஓரத்து உத்திரம் வரை 10 அடி. குடியிருப்பு அறைக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ உயிர்ச்சுமை (ஆட்கள், சாமான்), பலகையும் மற்றதும் சேர்த்து 100 கிலோ நிலைச்சுமை (கட்டுமானத்தின் சொந்த எடை) என்று வைத்தால் ஒரு சட்டத்தில் விழுவது மீட்டருக்கு சுமார் 135 கிலோ. சட்டம் வளையும்போது மரத்துக்குள் வரும் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 12 முதல் 13 நியூட்டன் வருகிறது. நல்ல தேக்கு அதைத் தாங்கிவிடும். தொய்வு எவ்வளவு என்றால் ஏறத்தாழ 25 மி.மீ., அதாவது ஒரு அங்குலம். வழக்கமாக அனுமதிப்பது நீளத்தில் 360இல் ஒரு பங்கு, உங்கள் அளவுக்கு 8 மி.மீ. சொச்சம். ஆக, உடையாது, ஆனால் ஊஞ்சல் ஆடும். நடந்தால் கீழே விளக்கு ஆடும், பூச்சு விரியும். வைக்கோலுக்கு இது தேவைப்படவில்லை, வைக்கோல் நடக்காதே.

இதற்கு எல்லாச் சட்டத்தையும் மாற்றுவதுதான் வழி என்று ஆசாரிகள் சொல்வார்கள். தேவையில்லை. தறித் தடுப்புகள் 6 அடிக்கு ஒன்று இருக்கின்றன. தடுப்பின் நடுவில், சுவரிலிருந்து 5 அடியில், ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு தூண் நிறுத்தி, அவற்றின் மேல் 4 × 6 அங்குலத் தேக்கு உத்திரம் ஒன்றைச் சட்டங்களுக்குக் கீழே ஓட்டுங்கள். சட்டத்தின் நீளம் பாதியானால் தொய்வு பதினாறில் ஒன்றாகக் குறையும், 2 மில்லிக்குள் வந்துவிடும். அந்தப் புது உத்திரத்துக்கு 6 அடித் தாவலில் தொய்வு 3 மி.மீ. அளவே. பழைய சட்டம் ஒன்றைக்கூடத் தொட வேண்டியதில்லை. தூண் அடியில் கல் பாதம் வையுங்கள். மரம் தரையைத் தொடக் கூடாது. உத்திரத்தைச் சட்டங்களோடு இறுக்கும் முன் நடுவில் இரண்டு ஜாக்கி வைத்து, இப்போது இருக்கும் தொய்வில் பாதியை மட்டும், நாளைக்கு 3 மில்லி வீதம் தூக்குங்கள். நூறு வருடம் தொய்ந்த மரம் ஒரே நாளில் நிமிராது, முனையில் பிளக்கும்.

இதையெல்லாம் செய்யும் முன் சுவருக்குள் நுழையும் முனைகளைப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரைக் குத்தினால் கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் மரம் போய்விட்டது. உப்புச் சுவரில் உள்ள முனை என்பதால் பாதிக்குப் பாதி போயிருக்க வாய்ப்புண்டு. போன முனையை வெட்டி, இரு பக்கமும் அதே ஆழத்துத் தேக்குப் பலகை வைத்து, ஓட்டைக்கு ஓட்டை 12 மில்லி போல்ட்டால் இறுக்கலாம். ஒட்டுப் பலகையின் நீளம் குறைந்தது 3 அடி, அதில் 2 அடி நல்ல மரத்தின் மேல் படிய வேண்டும். முனையைச் சுற்றிச் சாந்து வைத்து அடைக்காமல் அரை அங்குலம் காற்று விடுங்கள்.

இனி கணக்குக்கு வெளியே ஒரு கருத்து: பரணில் படுக்கை வைக்காதீர்கள். ஓட்டுக்கு நேர் கீழே சித்திரை வெயிலில் யாரும் மதியம் படுக்க முடியாது. இங்கிலாந்தில் அது நல்ல யோசனை, குளிர்காலத்தில் சூடு மேலே போய்த் தங்கும். இங்கே அதே சூடுதான் எதிரி. பெட்டி வைக்க, படிக்க உட்கார என்று விட்டுவிடுங்கள்.

---

கைமரம் பதில்:

பரண்ல படுக்கை வேணாம்னு சொன்னது நூத்துக்கு நூறு. ஆனாலும் கூரையைச் சும்மா விட முடியாது. ஓட்டுக்குக் கீழே தட்டோடு (தட்டையான ஓடு) ஒரு வரிசை பதிச்சா, நடுவுல ரெண்டு அங்குலம் காத்து இருக்கும், சூடு பாதியாத் தெரியும். இங்க பழைய வீடுகளோட பெரிய கட்டுகள்ல இந்த ஓட்டு அடுக்கு ஏற்கெனவே இருக்கும், லாயத்துல மட்டும் செலவு மிச்சம் பண்ணி விட்டிருப்பாங்க. முகட்டுல காத்து வெளிய போக வழி வச்சுட்டுத்தான் தட்டோடு போடணும், இல்லாட்டி அந்த ரெண்டு அங்குலமே அடுப்பாயிரும். தட்டோடு எடை கூடும். கைமரத்தை முகட்டுப் பக்கமும் இறவாரப் பக்கமும் குத்திப் பாத்துட்டு ஏத்துங்க.

மங்களூர் ஓடு 100 சதுர அடிக்கு 140 – 150 ஆகும். பழைய ஓடு ஒடைஞ்சதுக்குப் புதுசு வாங்குனா பூட்டு வாய் ஒத்துப் போகாது. கம்பெனிக்குக் கம்பெனி ஓட்டுல இருக்குற பூட்டுக் காடி மாறும். கீழ் முத்திரையைப் பாத்து அதே ஓட்டைப் பழைய ஓட்டுக் கடையில தேடுங்க. கெடைக்கலைன்னா, ஒரு பக்கக் கூரையில பழசு முழுக்கவும், பின்பக்கம் புதுசு முழுக்கவும் போட்டுருங்க. கலந்து போட்டா ஒழுகும். ரீப்பர் (ஓடு உக்காருற குறுக்குச் சட்டம்) இடைவெளி ஓட்டுக்கு ஓடு மாறும், பத்து ஓட்டைத் தரையில கோத்து அளந்துட்டு அப்புறம் ஆணி அடிங்க.

2018ல கஜா புயல்ல புதுக்கோட்டைப் பக்கம் எத்தனை ஓட்டுக் கூரை போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். இறவாரத்து முதல் ரெண்டு வரிசையையும் ஓரத்தையும் செம்புக் கம்பியால ரீப்பரோட கட்டுங்க. முகட்டு ஓட்டைச் சிமெண்டுல பதிக்காம சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்து பதிங்க. சிமெண்டு வெயில்ல விரிஞ்சு கோடு விடும், அந்தக் கோடு வழியா முதல் மழையே உள்ள.

கரையானுக்கு: சுவரும் தரையும் சேருற மூலையில ஒரு அடிக்கு ஒண்ணு 12 மில்லி ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு லிட்டர் வரைக்கும் மருந்து. இமிடாகுளோபிரிட் 30.5 சதவீதம்னா லிட்டருக்கு 2.1 மில்லி. கிணத்துப் பக்கம் இருக்குற சுவர்ல இதைப் போடாதீங்க. தரையைப் பிரிக்குறப்பவே செஞ்சுட்டா அப்புறம் ஓட்டையே போட வேண்டாம்.

---

மூன்றாங்கட்டு மீண்டும்:

குளியலறையை யாரும் தொடலை, சொல்லிடறேன். மூணு அறைக்கு மூணு கழிப்பறை. ஒண்ணையும் பழைய சுவர்ல சாய்ச்சுக் கட்டாதீங்க. 5க்கு 7 அடிக்குத் தனிப் பெட்டியா, ஏழரை அடி உயரத்துக்கு, சொந்தக் கூரையோட, பழைய சுவரை விட்டு நாலு அங்குலம் தள்ளி நிறுத்துங்க. குளிச்ச தண்ணி உப்புச் சுவர்ல பட்டா மேலே சொன்ன அத்தனை வேலையும் திரும்பச் செய்யணும். தவிர, நாளைக்கு எடுக்கணும்னா எடுத்துரலாம். தறியோட உயரம் பெட்டிக்கு மேலே முழுசாத் தெரியும், லாயத்துக்குள்ள நிக்குறோம்ங்கிற நெனப்பும் போகாது.

நாலு அங்குலக் குழாய், 60க்கு 1 சரிவு. 20 அடி ஓடினா நாலு அங்குலம் இறங்கும். திரும்புற ஒவ்வொரு எடத்துலயும் திறந்து பாக்குற தொட்டி. பத்துப் பேர் கணக்குக்கு செப்டிக் டேங்க் உள்ளளவு 2 மீட்டருக்கு 0.9 மீட்டர், தண்ணி ஆழம் 1 மீட்டர், அதுக்கு மேல ஒரு அடி காலி. கசிவுக் குழி குடிதண்ணிக் கிணத்துலேருந்து 18 மீட்டர் தள்ளி இருக்கணும். பின்கட்டுல கிணறு இல்லாத வீடு இந்தப் பக்கம் ஏது, அதனால முதல்ல டேப்பைப் பிடிச்சு அதை அளந்துட்டு அப்புறம் அறை எங்கேன்னு முடிவு பண்ணுங்க. காத்துக் குழாயைக் கண்ணாடி ஓடு இருக்குற எடத்துல ஏத்துங்க, ஒரு ஓடும் ஒடைக்க வேண்டாம்.

---

பின்கட்டு பதில்:

எல்லாருக்கும் நன்றி. சாந்துக்கரண்டி அண்ணே, பற்று போட்டுப் பலிப்பூச்சு இட்டு இரண்டு மழை காத்திருக்கச் சொல்கிறீர்கள். வீட்டுக்காரர்கள் அவ்வளவு காலம் பொறுக்க மாட்டார்கள். வண்டிக் கொட்டகைப் பக்கம் குதிரை நின்றதே இல்லை, அங்கே சுவர் காய்ந்திருக்கிறது. இரண்டு அறையை அங்கே முதலில் முடித்துவிட்டுத் தறிப்பக்கத்தைப் பிறகு எடுக்கலாமா? வளைவுக் கண்ணாடி பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

சாந்துக்கரண்டி பதில்:

தாராளமாக. ஆனால் வண்டிக் கொட்டகைச் சுவரிலும் பட்டையை வைத்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். வில்வண்டி மாடுகளை அங்கேயே கட்டியிருந்தால் அதுவும் லாயம்தான். காய்ந்த சுவர் என்றால் அங்கே முட்டைப் பூச்சு போடலாம்.

அதற்குச் சுண்ணாம்பை இன்றைக்கே நீற்ற ஆரம்பிக்க வேண்டும். குறைந்தது ஒரு மாதம் தண்ணீருக்குள் கிடக்கட்டும், எவ்வளவு நாள் கிடக்கிறதோ அவ்வளவு நல்லது. அரைகுறையாக நீறிய கட்டி பூச்சுக்குள் போய் ஆறு மாதம் கழித்து நீறும், அப்போது குண்டுமணி அளவுக்குக் கொப்புளம் வெடிக்கும். விழுதை நைஸ் சல்லடையில் வடிகட்டினால் இது வராது. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் தனித்தனியாக ஊற வையுங்கள், பத்துப் பதினைந்து நாளில் புளித்து நுரை கட்டும். அளவு மேஸ்திரிக்கு மேஸ்திரி மாறும். நூறு லிட்டருக்கு ஒவ்வொன்றும் மூன்று கிலோவுக்கு மேல் போக வேண்டாம். கருப்பட்டி கூடினால் பூச்சு இறுகாது, எறும்பும் வரும். முட்டை வெள்ளை கடைசிப் பூச்சுக்கு மட்டும், கலக்கிய அன்றே தீர்த்துவிட வேண்டும். மெருகுக் கல்லால் இழைப்பது பூச்சு விரலில் ஒட்டாமல், அழுத்தினால் தடம் விழும் பதத்தில். அதற்கு முன் இழைத்தால் கிழியும், பின் இழைத்தால் மெருகு வராது. வெயில் படும் சுவரில் ஈரச்சாக்கைத் தொங்கவிடுங்கள்.

---

உத்திரக்கணக்கு பதில்:

வளைவு பற்றி.

அவர்கள் பார்த்த படங்களில் கண்ணாடி நன்றாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஜார்ஜியன் லாயம் பெரும்பாலும் நடுமுற்றத்தைச் சுற்றிக் கட்டியது, வண்டி வளைவுகள் முற்றத்தைப் பார்த்திருக்கும். வெளிச்சம் குறைந்த ஊர், ஆகவே கிடைக்கிற வெயிலை எல்லாம் உள்ளே விட ஆசைப்படுவார்கள். அங்கே லாயத்துக்குப் பெரிய வேலை கொடுப்பது புதிதல்ல. பிரைட்டனில் 1803 – 1808இல் இளவரசருக்காகக் கட்டிய குதிரை லாயம் 1867இல் கச்சேரி மண்டபமானது. பக்ஸ்டனில் கட்டடக் கலைஞர் ஜான் கார் கட்டிய லாயம் மருத்துவமனையாகி, அதன் முற்றத்தின் மேல் 1881இல் 44 மீட்டர் விட்டத்தில் குவிமாடம் எழும்பியது. இரண்டிலும் கவனிக்க வேண்டியது, மாற்றியவர்கள் நடுவில் இருந்த பெரிய வெற்றிடத்தைத் துண்டு போடவில்லை. அதை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். வண்டிக் கொட்டகையில் இரண்டு அறைக்கு நடுவே தடுப்பை எட்டடியோடு நிறுத்தி, அதற்கு மேல் கூரை வரை மரச்சட்டமும் கண்ணாடியுமாக விட்டால் கைமரங்கள் கடைசி வரை தெரியும், சத்தமும் தடுக்கும்.

ஆனால் உங்கள் வளைவு மேற்குப் பார்த்தது. 9 அடி அகலத்துக்குக் கண்ணாடி போட்டால் மாலை மூன்று மணியிலிருந்து ஆறு வரை வெயில் நேராக உள்ளே. ஏ.சி. போட்டாலும் தாங்காது. பழைய தேக்குக் கதவை எடுக்காதீர்கள், அதுதான் உங்கள் வெயில் மறைப்பு. வெளிப்பக்கம் கதவு அப்படியே இருக்கட்டும். அதிலிருந்து 9 அங்குலம் உள்ளே தள்ளித் தனி மரச் சட்டம் நிறுத்தி, கீழே மூன்றடி சாய்பலகை (காற்று புகும் சாய்வான மரப்பட்டைகள்), மேலே 8 மில்லி டஃபன்ட் (உறுதியேற்றிய) கண்ணாடி, வளைவின் உச்சிப் பகுதியில் கண்ணாடிக்குப் பதில் சாய்பலகையே. சூடு மேலேதான் சேரும், அங்கே காற்று போக வேண்டும். சட்டத்தை வளைவுக் கற்களில் ஆணி அடித்துப் பிடிக்காதீர்கள். தரையிலும் இரு பக்கச் சுவரிலும் நாலே இடத்தில் சந்துச் சாந்துக்குள் பிடித்தால் போதும். வளைவு வெயிலில் அசையும். கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே 15 மில்லி விட்டு, அதைச் சணல் திணித்துச் சுண்ணாம்பால் மூடுங்கள்.

---

கைமரம் பதில்:

அந்தக் கதவோட அடிக் குடுமி (கதவு நின்னு சுழலுற முனை) பெரும்பாலும் தேஞ்சிருக்கும், கதவு தரையைத் தேய்க்கும். கதவை இழைச்சுக் குறைக்காதீங்க. குடுமிக் குழியில ஒரு இரும்பு வில்லையைப் போட்டுக் கதவைத் தூக்கி விட்டா போதும். ரெண்டு ஆசாரி, நாலு ஆள், அரை நாள் வேலை. அப்பவே பழைய கீல் ஆணியெல்லாம் எண்ணி எடுத்து டப்பாவுல போட்டு வைங்க, அந்த அளவுல இப்ப யாரும் அடிக்கிறதில்ல.

காடியில இருக்குற இரும்பு வளையத்தைப் பிடுங்கப் போறாங்கன்னா தடுத்துருங்க. வளையத்தோட வால் சுவருக்குள்ள ஒரு அடி போயிருக்கும், இழுத்தா செங்கல்லும் வந்துரும். துருவைத் தேச்சு ஆளிவிதை எண்ணெய் தடவி விடுங்க, துண்டு காயப் போடுறதுக்கு ஆகும்.